பழைய கொம்பி வேனில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்: மோதல் பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

#1 கொம்பி74

வண்டி 1974 ஃபோக்ஸ்வேகன் கொம்பி வேன், டி2பி மாடல், 1600 இன்ஜின் பின்னால், இடப்பக்கம் ஸ்லைடிங் கதவு. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் ஒன்றாம் எண் சாலையில் ஓட்டம், வார இறுதியில் தோட்டத்துச் செம்மண் ரோடு. முன்னால் இரண்டு பெரியவர்கள், நடு பெஞ்சில் 5 வயது, 9 வயதுப் பிள்ளைகள். முன் சீட்டுகளில் கையால் இழுத்துச் சரிசெய்யும் பழைய பெல்ட், பின்னால் ஒன்றுமே இல்லை. முன்னால் புல்பார் என்ற இரும்புத் தடுப்பு, உள்ளே ரோல்பார் என்ற உருளல் காப்புக் குழாய்ச் சட்டம் போட்டால் போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். எதை முதலில் செய்வது? எதற்குக் காசைக் கரைக்கக் கூடாது?

#2 பழைய போர்மேன்

புல்பாரை முதலில் கணக்கிலிருந்து எடுங்கள் தம்பி. 1973 மாடலிலிருந்து டி2-வின் முன் பம்பருக்குப் பின்னால், மோதலில் நசுங்குவதற்கென்றே ஒரு பகுதி வைத்தார்கள். உங்கள் 74-இல் அது இருக்க வேண்டும். யாராவது துருவோடு வெட்டி எடுத்துவிட்டார்களா என்று முதலில் குனிந்து பாருங்கள். அந்தச் சில அங்குல நசுங்கல்தான் மூக்கில்லாத இந்த வண்டியிடம் இருக்கிற ஒரே அவகாசம். புல்பாரைச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கினால் இடி அந்தப் பகுதியைத் தாண்டி நேரே சட்டத்துக்குப் போகும். பம்பரிலோ முன்தகட்டிலோ முடுக்கினால் அதுவே மடங்கி, ஓட்டுகிறவர் கால் இருக்கும் இடத்துக்குள் வரும்.

கணக்கு இதுதான். 50 கி.மீ. வேகத்தில் மோதி, உள்ளே இருப்பவர் அரை மீட்டருக்குள் நின்றால் உடம்பில் விழுவது ஏறக்குறைய 20 ஜி, அதாவது அவர் எடையைப் போல 20 மடங்கு. 70 கிலோ ஆள் பெல்ட்டை 1,400 கிலோ பாரத்தோடு இழுப்பார். நிற்கும் தூரம் கால் மீட்டர்தான் என்றால் 2,800 கிலோ. 50-க்குப் பதில் 70-இல் போனால் மோதல் ஆற்றல் கிட்டத்தட்ட இரட்டிப்பு. முன்பக்கத்தை வீட்டில் வைத்து யாரும் நீளமாக்க முடியாது. நம் கையில் இருப்பது, அந்த 1,400 கிலோவைப் பிடித்து நிறுத்தும் இரும்பு உறுதியாக இருக்கிறதா என்பது மட்டும்தான்.

என் வரிசை: துரு, பெல்ட், தலைச்சாய்வு, உள்ளே இருக்கும் சாமான், பெட்ரோல் ஹோஸ். பிரேக்கும் டயரும் இந்த வரிசையிலேயே வராது. அவை சரியில்லாத வண்டி கேட்டைத் தாண்டவே கூடாது.

#3 செம்பனை லோரி

போர்மேன் அண்ணே, தோட்டத்து ரோட்டில் ராத்திரி காட்டுப்பன்றி குறுக்கே ஓடும். புல்பார் இல்லாவிட்டால் முன்தகடு காலி. எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது லா.

#4 பழைய போர்மேன்

30 கி.மீ. வேகத்தில் பன்றியை இடித்தால் தகட்டைக் காப்பாற்றும், ஒத்துக்கொள்கிறேன். கேட்டவர் தகட்டைப் பற்றிக் கேட்கவில்லை, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். இரண்டும் வேண்டுமென்றால் செம்மண் ரோட்டில் 30-ஐத் தாண்டாதீர்கள்.

ரோல்பாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பந்தயக் காடியில் (காரில்) தலையில் ஹெல்மெட், உடம்பில் நாலு அல்லது ஆறு முனை பெல்ட். ஆகவே தலைக்குப் பக்கத்தில் குழாய் இருந்தாலும் சமாளிக்கலாம். வீட்டு வேனில் மூன்று முனை பெல்ட். மோதலில் தலை எட்டும் தூரம் அதிகம். பின்பக்கத்து இடியில் தலை நேராகக் குழாயில் போய் அடிக்கும். குழாயின் அடித்தட்டு துருப்பிடித்த தரையில் நிற்கிறது என்றால் வண்டி உருளும்போது தரையைக் குத்திக்கொண்டு இறங்கும். இதற்குச் செலவழிக்கும் காசைத் தரையைச் சரிசெய்வதில் போடுங்கள்.

#5 வெல்டிங்காரன்

தரை என்றதும் வந்துவிட்டேன்.

பேராக் பக்கத்துப் பழைய வேன்களில் மூன்று விஷயம் தேடுவேன். ஒன்று, சக்கர வளைவுக்குப் பின்னாலும், சட்டத்திலிருந்து பக்கத்துக்கு நீளும் குறுக்குக் கைகளுக்கு மேலேயும் அடைந்த செம்மண். மழைக்குப் பிறகு வாரக்கணக்கில் ஈரம் காயாது. இரண்டு, தரை விரிப்புக்கு அடியில் தண்ணீர்; முன் கண்ணாடி ரப்பர் கசிந்தால் பெடல் பக்கத்துத் தரை அழுகும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: வண்டி ஒரு காலத்தில் உரம் ஏற்றியதா? செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) போடும் பொட்டாசியம் குளோரைடு மூட்டையிலிருந்து சிந்தினால் அது உப்புதான். சரக்குத் தரையின் மடிப்புகளுக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். மேலே பெயிண்ட் புதிதாக இருக்கும், அடியில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விடும்.

எங்கே தட்டிப் பார்ப்பது: முன் குறுக்குச் சட்டம், நீளவாட்டு இரு சட்டங்கள், வெளிக் கைகள், ஜாக் முனைகள், கதவுக்குக் கீழ் இரு பக்கச் சில், முன் தூணின் அடி, கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணின் அடி. சில் என்பது ஒரே தகடு அல்ல, உள்தகடு, நடுவில் வலுத்தகடு, வெளித்தகடு. வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டிப் பெயிண்ட் அடித்த வண்டி சந்தையில் ஏராளம். பார்க்க அழகு, மோதலில் பூஜ்யம். சில்லின் உட்பக்கத்தை வண்டிக்கு அடியிலிருந்து விளக்கடித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

வேலை செய்யும்போது:

வெட்டுவதற்கு முன் கதவு வாசல்களில் சதுரக் குழாயைக் குறுக்கே பற்றவைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடிங் கதவுப் பக்கம் பெரிய ஓட்டை. அங்கே சில்லை வெட்டியதும் உடல் தொய்ந்துவிடும், பிறகு கதவு மூடவே மூடாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கம்.

தகட்டின் தடிமனை ஊகிக்காதீர்கள். துரு இல்லாத இடத்தில் பெயிண்டைச் சுரண்டி காலிப்பரால் அளந்து, அதே தடிமன் வாங்குங்கள். 'கெட்டியா இருக்கட்டும்' என்று 3 மி.மீ. தகட்டை 1 மி.மீ. தகட்டோடு சேர்த்தால் வளைவு முழுவதும் ஓட்டு விளிம்பில் விழுந்து அங்கே கிழியும்.

தொழிற்சாலை ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் 6 முதல் 8 மி.மீ. துளை போட்டு நிரப்பு வெல்டு, 25 முதல் 40 மி.மீ. இடைவெளியில். மிக் கம்பி 0.6 அல்லது 0.8, ஆர்கான் கலந்த வாயு. சாலையோரக் கடைகளில் தகட்டைத் தகட்டின் மேல் வைத்துச் சுற்றிலும் குச்சி வெல்டு ஓட்டுவார்கள். மெல்லிய தகடு எரிந்து துளையாகும், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நிற்கும், அடுத்த ஆண்டு அதே இடம் மறுபடியும். முடிந்ததும் ஓட்டுகளை அடைக்கும் சீம் சீலர், பிறகு பெட்டிப் பகுதிகளுக்குள் கேவிட்டி மெழுகு. தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் சீலரால் மூடிவிடாதீர்கள்.

துரு முடியும் வரை பெல்ட் வாங்க வேண்டாம். எங்கே முடுக்கலாம் என்பதே அதன் பிறகுதான் தெரியும்.

#6 கொம்பி74

நன்றி அண்ணே. முன் பெல்ட்டுக்குத் தூணில் பழைய துளை இருக்கிறது, எம்12 போல்ட் போகவில்லை. தட்டி இறக்கலாமா?

#7 பழைய போர்மேன்

வேண்டவே வேண்டாம்! சீட் பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, யூஎன்எஃப் என்ற நுண்மரை வகை. அது 11.1 மி.மீ.; எம்12 போகாது, எம்11 போவது மாதிரி ஏமாற்றி மரையைத் தின்றுவிடும். துளையில் பெயிண்டும் துருவும் இருந்தால் 7/16 யூஎன்எஃப் டேப் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். போல்ட் தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் முத்திரை இருக்க வேண்டும். பெல்ட் செட்டோடு வருகிற தோள் வைத்த போல்ட்டையே போடுங்கள். அந்தத் தோளும் அலை வாஷரும் இருப்பதே பிராக்கெட் சுழலட்டும் என்றுதான். இறுக்கம் சுமார் 40 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பிறகு பிராக்கெட் கையால் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பட்டை ஒரு ஓரத்தில் மட்டும் இழுபட்டுக் கிழியும்.

டி2 முன் சீட்டுக்குத் தூணிலும் கீழேயும் தொழிற்சாலை மரைகள் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருப்பது வழக்கம். தேடிப் பார்க்காமல் புதுத்துளை போடாதீர்கள். புதிதாகப் போட்டே தீர வேண்டுமென்றால் பின்னால் குறைந்தது 3 மி.மீ. தடிமன், 40 சதுர செ.மீ. பரப்புள்ள எஃகுத் தட்டு. மோட்டார் பந்தய உலக அமைப்பான எஃப்ஐஏ தன் விதியில் கேட்பதும் அதையேதான். 8 செ.மீ.க்கு 5 செ.மீ.யை விடக் கொஞ்சம் பெரிய தட்டு போதும்; மூலைகளை உருட்டிவிடுங்கள், கூர்மூலை தரைத் தகட்டை வெட்டும். நட்டைத் தட்டோடு பற்றவைத்தால் தட்டின் மறுபக்கத்தில் வையுங்கள், இழுக்கும்போது நட் தட்டின்மேல் அழுந்த வேண்டும். போல்ட்டை ஒருபோதும் பற்றவைக்காதீர்கள்; சூட்டில் அதன் பதம் போய்விடும். தட்டுக்குப் பதில் பெரிய வாஷர் என்று யாராவது சொன்னால், ஐநா விதி 14 ஒரு மூன்று முனை பெல்ட்டின் தோள் பட்டை, மடிப் பட்டை வழியாக நங்கூரங்களைத் தலா 13,500 நியூட்டனில் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது என்று சொல்லுங்கள். 1 மி.மீ. தகட்டில் வாஷர் அந்த இழுப்பில் வெளியே வந்துவிடும்.

கோணம்: மடிப் பட்டை தொடை எலும்பின் மேல் முனையில், இடுப்பெலும்பில் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பட்டை தரைக்கு 45 முதல் 70 டிகிரி. படுத்த கோணமாக இருந்தால் ஆள் பட்டைக்கு அடியில் வழுக்கிப் போவார். மேல் முனை தோள் மட்டத்தில் அல்லது கொஞ்சம் மேலே. தோளுக்குக் கீழே வைத்தால் முதுகெலும்பைக் கீழே அமுக்கும்.

தானே சுருண்டுகொள்ளும் உருளை பெல்ட் வாங்கினால் அது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று உறையில் பார்த்து வாங்குங்கள். உள்ளே ஒரு குண்டு இருக்கிறது. கோணம் தப்பினால் ஒன்று எப்போதும் பூட்டியே கிடக்கும், இல்லை பூட்டவே பூட்டாது. லேபிளில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும், ஐநா விதி 16-க்கான எண்ணும் இருக்க வேண்டும்.

#8 மறுபக்கம்

பழைய காடிகளை வெட்டி உதிரியாக விற்கும் கெடாய் போத்தோங்கில் ஜப்பான் எம்பிவி (குடும்ப வேன்) சீட் கிடைக்கிறது, தலைச்சாய்வோடு, பெல்ட் பக்கிளோடு. அதை எடுத்துப் போட்டால் இத்தனை வேலை எதற்கு?

#9 பழைய போர்மேன்

சீட் சரி, ஆனால் இரண்டு இடத்தில் கவனம். பக்கிள் சீட்டிலேயே பொருத்தியிருந்தால் பெல்ட் பாரத்தில் பாதி சீட் ரயில் வழியாகத் தரைக்கு இறங்கும். கொம்பியின் சீட் பெட்டி வெறும் தகட்டுப் பெட்டி. ரயிலை அதன் மேல் நான்கு போல்ட்டில் நிறுத்தினால் சீட்டோடு ஆள் போவார். பெட்டிக்கு அடியில், நான்கு முனையிலும் தட்டு வைத்து, அதைத் தரைச் சட்டத்தோடு இணைக்க வேண்டும். முடியாவிட்டால் பக்கிளைத் தனியே தரையில் முடுக்குங்கள்.

இரண்டாவது, அங்கே கிடைக்கும் பெல்ட்டைத் தொடாதீர்கள். பாதியாக வெட்டிய காடி ஏன் வெட்டுப்பட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டை மேல் வளையத்தில் உருகிய பளபளப்பு, ஓரத்தில் அலை அலையாக நெசவு: இரண்டும் ஒருமுறை ஆளைப் பிடித்த பெல்ட்டின் அடையாளம். வெடித்து இழுக்கும் முன்னிறுக்கி உள்ள வகை, அந்தக் காடியின் கணினி இல்லாமல் வேலை செய்யாது.

தலைச்சாய்வு நல்ல யோசனை. மேல் விளிம்பு தலையுச்சிக்குப் பக்கத்தில் வர வேண்டும். குறைந்தது காதுக்கு மேலே. பிடரிக்கும் அதற்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம். கழுத்து உயரத்தில் நிற்கும் தலைச்சாய்வு இல்லாததை விட மோசம், கழுத்து அதன் மேல் மடியும்.

#10 வயரிங் தங்கச்சி

சின்ன மோதல், பெரிய தீ. கொம்பி மாதிரி ஏர்கூல்டு (காற்றால் குளிரும் இன்ஜின்) வேன்களுக்கு இதுதான் பயம், யாரும் எழுதவில்லையே.

பெட்ரோல் தொட்டி பின்னால், இன்ஜின் அறைக்கு முன்சுவரை ஒட்டி. துணி சுற்றிய பழைய ரப்பர் ஹோஸை நம் வெயிலில் நம்ப முடியாது. வெளியே துணி நன்றாகத் தெரியும், உள்ளே ரப்பர் வெடித்திருக்கும். இன்ஜின் இறக்கும்போதே தொட்டியடி ஹோஸையும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தர வகை ஹோஸ் வாங்கினால் கூடுதல் நிம்மதி. ஹோஸ் இன்ஜின் தகட்டை ஊடுருவும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். பிளாஸ்டிக் ஃபில்டரைக் கார்புரேட்டர் பக்கத்தில் தொங்கவிடுவது இங்கே எல்லோரும் செய்வது: அதன் எடையும் அதிர்வும் சேர்ந்து, அழுத்திச் செருகிய பித்தளைக் குழலைக் கார்புரேட்டரிலிருந்து மெல்ல வெளியே இழுக்கும். கழன்றால் தீப்பொறி பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பெட்ரோல். ஃபில்டரை வண்டிக்கு அடியில், தொட்டிக்கும் இன்ஜின் அறைக்கும் நடுவில் வையுங்கள். பித்தளைக் குழலைக் கையால் திருகிப் பாருங்கள். ஆடினால் கார்புரேட்டரை மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோய் மரை போட்ட குழலாக மாற்றுங்கள்.

இன்ஜினோடு சுழலும் பழைய பம்ப் இன்ஜின் நின்றால் நிற்கும். மின்சாரப் பம்புக்கு மாற்றியிருந்தால் மட்டும், மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் போடுங்கள். இல்லாவிட்டால் உடைந்த குழாய் வழியே இறைத்துக்கொண்டே இருக்கும். பேட்டரியும் அதே இன்ஜின் அறையில்தான், பட்டி போட்டுக் கட்டி நேர்முனைக்கு ரப்பர் மூடி.

தீயணைப்பான் 1 கிலோ உலர்தூள், பொம்பா (தீயணைப்புத் துறை) ஒப்புதல் முத்திரையோடு, ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில். பின் கதவுக்கு உள்ளே மாட்டினால் தீ பிடிக்கும் இடத்திலேயே அதுவும் இருக்கும். 1600-இன் உறை மக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, சின்ன டப்பாவாலும் அணையாது. ஆரம்பத்தில் பெட்ரோல் எரியும்போதே அடக்கினால் உண்டு. இல்லாவிட்டால் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

#11 செம்பனை லோரி

புல்பாரை விட்டுவிடுகிறேன், இதையாவது கேளுங்கள். ஒன்றாம் எண் சாலையில் கொம்பிக்குப் பெரிய ஆபத்து முன்னால் நிற்கிற லோரியின் பின்பக்கம். லோரித் தளம் கொம்பியின் முன் கண்ணாடி மட்டத்தில் இருக்கும். அடியில் புகுந்தால் பம்பர், சட்டம், நசுங்கும் பகுதி எதுவும் தொடவே தொடாது. முதலில் தொடுவது முகம். விடியலுக்கு முன் செம்பனைப் பழம் ஏற்றிப்போகிற லோரிகளில் பின் விளக்கு சேறு பூசிக் கிடக்கும். அதனால் வெளிச்சமும் இடைவெளியும்தான் மருந்து.

#12 வயரிங் தங்கச்சி

சரியான பேச்சு. 7 அங்குல வட்ட விளக்கு, எச்4 60/55 வாட் கண்ணாடிக்கு மாற்றலாம். ஆனால் பழைய வயரிங்கில் மின்சாரம் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் அளந்து, பிறகு பல்ப் முனையில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே இரண்டு, ஃப்யூஸ், தடித்த வயர். எர்த் வயரையும் மறக்க வேண்டாம். முன் கண்ணாடியின் மூலை முத்திரையில் லாமினேட்டட் என்று இருக்கிறதா பாருங்கள். டெம்பர்டு என்றால் ஒரு கல் பட்டாலே முழுவதும் பொடிந்து பார்வை போகும், மோதலில் கண்ணாடி இருந்த இடமே வாசலாகத் திறந்துவிடும்.

#13 மிதிபலகை

பிரேக், டயர் சுருக்கமாக. டி2பி முன் டிஸ்க், பின் டிரம், இரட்டைச் சுற்று. டாட் 4 எண்ணெய் புதிதாக 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்தபின் 155 வரை இறங்கும். நம் காற்றின் ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கினால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், விட்ட பிறகும் விடாது.

டயர் 185ஆர்14சி, பார எண் 102. ஒரு டயருக்கு 850 கிலோ. மலிவாகக் கிடைக்கும் காடி டயர் 88 என்றால் 560 கிலோதான். ஆள் நிறைந்த கொம்பியின் பின் அச்சுக்குப் போதாது, பக்கச்சுவர் ஆடும், வளைவில் பின்பக்கம் விலகும். காற்று முன் 30, பின் 40 பிஎஸ்ஐ அளவில். அதிகம் ஓடாத வண்டியில் பூ தேயாமலே டயர் செத்துப்போகும். பக்கச்சுவரில் நான்கு இலக்க வார, வருட எண்ணைப் பாருங்கள்.

#14 கொம்பி74

துரு வேலைக்கு ஏற்பாடு செய்கிறேன். இனி பிள்ளைகள் விஷயம். நடு பெஞ்சில் மடி பெல்ட் போட்டால் பூஸ்டர் வைக்கலாமா? ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) என்ன கேட்கும்?

#15 பழைய போர்மேன்

மடி பெல்ட்டில் பூஸ்டர் கூடாது. மேல் உடல் முன்னே மடங்கி, தலை முழங்காலிலோ முன் சீட்டிலோ இடிக்கும். பூஸ்டர் என்றால் மூன்று முனை, அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

நடு பெஞ்சில் சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது இரண்டு பேர் பெஞ்ச், இடப்பக்கம் கதவுக்கு வழிவிட்டிருக்கும். வலது பிள்ளைக்குச் சுவர்த் தூண் உண்டு. இடது பிள்ளைக்குத் தோள் பட்டையை மாட்ட எந்தத் தூணும் பக்கத்தில் இல்லை. அதற்காகக் குழாய்ச் சட்டம் அடிப்பவர்கள் உண்டு. அதன் பாரம் முழுவதும் தரையில் நெம்புகோலாக விழும், பொறியாளர் கணக்கு இல்லாமல் செய்யக் கூடாத வேலை.

அதனால் இருவரையும் பின் பெஞ்சின் இரு ஓரத்துக்கு மாற்றுங்கள். இரு பக்கமும் தூண் இருக்கிறது. முதலில் அங்கே தொழிற்சாலை மரை இருக்கிறதா என்று உள்தகட்டை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் தூணின் உள்தோலில் சன்னல் வெட்டி, நட் பற்றவைத்த 3 மி.மீ. தட்டை உள்ளே சேர்த்து மூட வேண்டும். வெல்டிங்காரன் வேலை. கீழ் முனைகள் பெஞ்சுக்கு அடியில், தரையில், தட்டோடு. பெஞ்சின் மர அடிப்பாகத்தில் முடுக்காதீர்கள். மடிப்புப் படுக்கை சீட்டை மரப்பெட்டியில் ஸ்க்ரூ அடித்து அதிலேயே பெல்ட் மாட்டிய வண்டிகளும் ஓடுகின்றன, அவற்றில் பெல்ட் அலங்காரம்தான். பக்கவாட்டில் உட்காரும் சீட்டுக்கு எந்த பெல்ட்டும் உதவாது, கழற்றிவிடுங்கள்.

5 வயதுக்கு முதுகு உள்ள பூஸ்டர், குழந்தை இருக்கைக்கான ஐநா விதி ஆர்44 அல்லது ஆர்129 முத்திரையோடு. 9 வயதுக்கு உயரம் பாருங்கள், 135 செ.மீ. வரவில்லை என்றால் அவருக்கும் பூஸ்டர். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பி பற்றவைக்க யாரையும் விடாதீர்கள், பெல்ட்டால் கட்டும் வகை போதும்.

பின் பெஞ்சுக்கு மாற்றினால் பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் இன்ஜின் மேல்தளம். அங்கே சாமான் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். 20 ஜி-யில் 5 கிலோ ஸ்பானர் பெட்டி 100 கிலோவாகத் தலையில் வந்து விழும். நிறைந்த 14 கிலோ காஸ் தோம்பு (சிலிண்டர்) இரும்போடு 30 கிலோ வரும். கணக்கை நீங்களே போடுங்கள். கனமானதை நடுத்தரையில், நடு பெஞ்சுக்குப் பின்னால் ஒட்டி வைத்து, தரையில் போல்ட் போட்ட வளையங்களில் ராச்செட் பட்டையால் கட்டுங்கள். மேல்தளத்தில் துணிமணி மட்டும், அதுவும் வலைக்குப் பின்னால்.

#16 மிதிபலகை

சட்டம்: முன் பெல்ட் 1979-இலிருந்து, பின் பெல்ட் 2009 ஜனவரி 1-இலிருந்து, தனியார் வாகனத்தில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1-இலிருந்து. பெல்ட் இல்லாமல் பிறந்த பழைய வண்டியை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை உங்கள் பதிவட்டையோடு ஜேபிஜே கிளையில் நேரில் கேளுங்கள். சீட் எண்ணிக்கையைக் குறைத்தாலும், இருக்கையின் இடத்தை மாற்றினாலும், சட்டத்தைத் தொட்டாலும் வேலைக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வெட்டுவதற்கு முன், துருவோடு, தட்டு வைத்த பிறகு, மூடிய பிறகு என்று ஒவ்வொரு கட்டத்திலும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். பரிசோதனையிலும் காப்புறுதியிலும் உதவும்.

#17 வெல்டிங்காரன்

கதவை யாரும் சொல்லவில்லை. ஸ்லைடிங் கதவின் பின் பூட்டுத் தகடும் முன் கதவின் கீலும் தேய்ந்திருந்தால் மோதலில் திறந்துகொள்ளும். கதவை மூடி, வெளியிலிருந்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் ஊசி, பூட்டுத் தகடு இரண்டையும் மாற்றுங்கள். பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கரை மட்டும் உள்ளே தள்ளி இறுக்குவது ஆட்டத்தை மறைக்கும், போக்காது.

#18 கொம்பி74

பெல்ட் எல்லாம் மாட்டி முடித்ததும் சரியாகத்தான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

#19 பழைய போர்மேன்

பட்டையைச் சடாரென்று இழுத்தால் பூட்ட வேண்டும், மெதுவாக இழுத்தால் முழு நீளமும் வர வேண்டும், விட்டால் தானே உள்ளே போக வேண்டும். பிறகு காலியான திடலில், பெரியவர்கள் மட்டும், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பிரேக் போடுங்கள். ஒவ்வொரு உருளையும் பூட்ட வேண்டும். பூட்டாததன் கோணத்தைத் திருத்துங்கள். செம்மண் ரோட்டில் கொஞ்ச நாள் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ஸ்பானரால் மறுபடி பாருங்கள். தட்டைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்திருந்தால் அடியில் தகடு நகர்கிறது என்று பொருள். அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காமல் வண்டியை வெல்டிங்காரனிடம் கொண்டு போங்கள்.